உமிழ்நீரும் பொய்ப்பல்லும்

பற்கள் யாவற்றையும் இழந்தோர் அணியும் பொய்ப்பல் நிலைத்து நிற்பதற்கு அதனைச் செய்தவரின் கைத்திறனே காரணமென்று எண்ணுவோர் பலர். நனைந்த இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பிரிக்க முயன்றோர், அவை எளிதிற் பிரியாமையை அறிவர். அண்ணத்திற்கும் பொய்ப்பற்கள் பதித்த தகட்டிற்கும் இடையே பரவிய மெல்லிய உமிழ்நீர்ப் படலமும் அவ்வாறே இரண்டையும் பற்றி நிற்கின்றது. அப்படலம் உலர்ந்தால், நன்கு பொருந்திய தகடும் நழுவும். கீழ்வாய்த் தகட்டிற்கோ பற்றுதற்குரிய பரப்புக் குறைவு. நாவின் அசைவும் அதனை உந்தும். ஆகவே உமிழ்நீர் குறையாதபோதும் அதன் நிலை சற்றுத் தளர்வானதே.

நலமுடையோர்க்கு நாளொன்றுக்கு அரை இலீற்றர் முதல் ஒன்றரை இலீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கும். முதுமையே அதனை வற்றச் செய்கின்றதென்பது பொதுவான எண்ணம். பெரும்பாலும் குற்றம் முதுமையினதன்று, முதியோர் உண்ணும் மருந்துகளினது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்குரிய மருந்துகள் பல சுரப்பைக் குறைப்பன. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் செய்யும் கதிர்ச்சிகிச்சை சுரப்பிகளையே சிதைத்தல் கூடும். சுவீடன் தேசத்துக் கண்வைத்தியர் ஹென்றிக் சியோகிரென் 1933 இல் விரித்தெழுதிய நோயிற் கண்ணும் வாயும் ஒருங்கே வறளும்.

உலர்ந்த வாயிலே தகடு உராய்ந்து புண்ணுண்டாகும். கன்டிடா என்னும் பங்கசும் எளிதிற் பெருகும். உணவை மெல்லுதலும் விழுங்குதலும் அரிதாகும், பேச்சுங் குழறும். முதியவர் தகட்டைக் குறைகூறிப் புதியதொன்று செய்விப்பர், அதுவும் நழுவும். தாம் உண்ணும் மருந்துகளின் பெயர்களைப் பல்வைத்தியருக்குக் கூறுதல் அச்செலவினும் பயனுடையது. மருந்தைத் தாமே நிறுத்துதல் ஆகாது. அடிக்கடி சிறிது நீர் பருகுதலும், தகட்டை நனைத்து அணிதலும் துணைபுரியும். நித்திரையில் உமிழ்நீர் மிகக் குறைந்து சுரத்தலின், தகட்டை இரவிற் கழற்றித் துலக்கி நீரில் இட்டு வைத்தல் வேண்டும்.