போதுமான ஸ்பிரிங் எது?

சாயா வருவதற்குள் சொல்லத் தொடங்குகிறேன், தம்பி. ஆர்தியா கராஜுக்கு ஒரு குவைத்திப் பையன் லூமினா காரைக் கொண்டுவந்து, "கேம் மாத்தியாச்சு, இருக்கிறதுலயே கெட்டியான வால்வு ஸ்பிரிங்கைப் போடு" என்கிறான் என்றாயே, அந்தக் கேள்வியே பாதி தப்பு. இருப்பதிலேயே கெட்டியானதைத் தேடக் கூடாது. வேலைக்குப் போதுமானதைத் தேட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேம்ஷாஃப்ட்டின் விலை இருக்கிறது.

வால்வைத் திறப்பது கேம். மூடும்போது வால்வு கேமை விட்டு விலகாமல் அதைத் தொட்டபடியே இறங்க வைப்பது ஸ்பிரிங். வேகத்தடையில் மெதுவாகப் போனால் சக்கரம் அதன் வளைவைத் தடவிக்கொண்டே இறங்கும். வேகமாகப் போனால் உச்சியில் துள்ளி, அந்தரத்தில் போய், தொப்பென்று விழும். கேமின் மேல் வால்வுக்கும் இதுதான் நடக்கும். அப்படி விழும் வால்வு சீட்டில் மோதித் துள்ளும், பவர் சட்டென்று குறையும். இந்தத் துள்ளல் முற்றினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும்.

இதில் வேகம்தான் பெரிய எதிரி. ஆர்.பி.எம். கூடும்போது, வால்வைக் கட்டுப்படுத்தத் தேவையான விசை அதன் இருமடிக்கு ஏற்பக் கூடும். 6000-இலிருந்து 7000-க்குப் போனால் வேகம் சுமார் 17 சதவீதம்தான் கூடுகிறது. தேவைப்படும் விசையோ 36 சதவீதம் கூடுகிறது. அதனால் பையனிடம் முதலில் கேட்க வேண்டியது, எஞ்சினை எத்தனை ஆர்.பி.எம். வரை ஓட்டப்போகிறான் என்பது. வாரக்கடைசியில் அரிஃப்ஜான் மோட்டார் டவுனில் ஓட்டுவதும், கல்ஃப் ரோட்டில் ஏசி போட்டுச் சுற்றுவதும் ஒன்றல்ல.

இனி கணக்கு. எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள். அதை 1 மி.மீ. அமுக்க 6 கிலோ வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது உயரம் 45 மி.மீ., அப்போது விசை 50 கிலோ. கேம் வால்வை 15 மி.மீ. திறந்தால் 90 கிலோ சேர்ந்து 140 கிலோ. அந்நேரம் உயரம் 30 மி.மீ. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும் உயரம் அதைவிடக் குறைந்தது ஒன்றரை மி.மீ. கீழே, அதாவது 28.5-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் முட்டினால் ஏதாவது ஒன்று உடையும். முழுத் திறப்பில், ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரீடெய்னர் வால்வு கைடின் சீலில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடு.

ஹெட்டில் சீட் வெட்டியிருந்தால் வால்வு உள்ளே இறங்கி, மேல்முனை வெளியே நீளும். ஸ்பிரிங் நிற்கும் உயரம் கூடும். 1 மி.மீ. கூடினால் நம் எடுத்துக்காட்டில் 6 கிலோ போச்சு. அதை ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். எல்எஸ் வி8 எஞ்சினில் 16 வால்வு, பட்ரோலின் டிபி48-இல் 24 வால்வு. ஒன்றை அளந்துவிட்டு மற்றதெல்லாம் அதேபோல்தான் என்று விட்டுவிடாதே. அமெரிக்க கேட்லாக்குகள் அங்குலத்திலும் பவுண்டிலும் பேசும்: 0.600 அங்குல லிஃப்ட் என்றால் 15.24 மி.மீ. அந்த எண் கேம் லோபின் உயரமா, வால்வின் திறப்பா என்றும் பார். எல்எஸ் எஞ்சினில் ராக்கர் விகிதம் 1.7, லோபில் 9 மி.மீ. என்றால் வால்வில் 15.3.

அதே 1.7 மறுபக்கமும் வேலை செய்யும். வால்வில் 140 கிலோ என்றால் லோபின் மேல் அழுத்தம் 238 கிலோ. கெட்டியான ஸ்பிரிங் வேண்டாம் என்பது இதனால்தான். கேமும் லிஃப்டரும் தேயும், புஷ்ராடு வளையும், ஹைட்ராலிக் லிஃப்டர் அமுங்கும். விசையைக் கூட்டுவதற்கு முன் வால்வு, ரீடெய்னர் எடையைக் குறைக்கப் பார். மேலே குறுகும் பீஹைவ் ஸ்பிரிங்கை எல்லாரும் விரும்புவது அதற்குத்தான்: ரீடெய்னர் சின்னது, இலேசானது. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரட்டை ஸ்பிரிங்குக்கு வேறு லாபம்: ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைத் தாங்கிப்பிடிக்கும், பதிலுக்கு எடையும் உராய்வுச் சூடும் கூடும்.

டர்போ, சூப்பர்சார்ஜர் உண்டென்றால் இன்னொரு கணக்கு. எல்எஸ்3-இன் இன்டேக் வால்வு 55 மி.மீ. அதன் பின்புறத்தில் 0.7 பார் பூஸ்ட் அழுத்தினால், மூடியிருக்கும் வால்வைத் திறக்கப் பார்க்கும் விசை சுமார் 17 கிலோ. மூடிய நிலையில் இருக்கும் விசையில் அதையும் சேர்த்து வை.

ஸ்பிரிங்குக்குத் தன் சொந்த அதிர்வும் உண்டு. கேமின் தாளம் அதோடு ஒத்துப்போனால், சுருள்களுக்குள் அலை ஓடி, பிடி தளரும். இந்தத் தொல்லையைத் தாண்டத்தான் 1954-இல் மெர்சிடிஸ் டபிள்யூ196-இல் வால்வை மூடவும் தனி கேம் வைத்தார்கள். டுகாட்டி தன் சில எஞ்சின்களில் இன்றும் அப்படிச் செய்கிறது. 1986-இல் ரெனோ, ஃபார்முலா 1-இல் ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்திய வாயுவை வைத்தது. உனக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். நீ எட்டும் ஆர்.பி.எம்.முக்குப் பொருந்தும் ஸ்பிரிங் போதும்.

கடைசியாகச் சூடு. குவைத்தில் மித்ரிபாவில் 2016 ஜூலையில் 53.9 டிகிரி பதிவானது. எண்ணெய் ஆறாத ஊர் இது. சூடான ஸ்பிரிங் நாளாக நாளாக விசையை இழக்கும். புது ஸ்பிரிங் போட்டதும் 1500, 2000 ஆர்.பி.எம்.மில் சூடேறும் வரை ஓட்டி, அணைத்து, முழுதாக ஆறவிடு. அதன் பிறகே அழுத்தி ஓட்டு. சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் அளந்து பார். பத்தில் ஒரு பங்கு விசை குறைந்திருந்தால் மாற்றிவிடு.

நாளை ஷுவைக்கில் உதிரிபாகக் கடைக்காரர் முன் நிற்கும்போது "ஹெவி டூட்டி இருக்கா" என்று கேட்காதே. மூடிய நிலை உயரமும் விசையும், மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ, சுருள் முட்டும் உயரம் எவ்வளவு என்று கேள். பதில் தெரியாத கடையில் ஸ்பிரிங் வாங்காதே, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.