கூட்டுவதா, கழிப்பதா? வாக்கியக் கணக்குக்குக் கைகொடுக்கும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கோவைப் பக்கத்தில் பெரும்பாலும் "பிள்ளைங்க படிப்புக்குத்தானுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் கேம்ஸும் யூட்யூபும் ஓடிக் கொண்டிருக்கும். படிப்புக்கு என்று அதில் எதைச் செய்வது என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. தனியாக சாப்ட்வேர் எதையும் விலை கொடுத்து வாங்காமல், கம்ப்யூட்டரில் ஏற்கனவே உள்ள வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றைக் கொண்டே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய உதவியைச் செய்யலாம். அதைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

என் அண்ணன் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மேலும் கீழுமாக எண்களை எழுதிக் கொடுத்தால் கடன் வாங்கிக் கழித்தல் வரை தப்பே இல்லாமல் போட்டு விடுவாள். அதே எண்களை இரண்டு வரி வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்டால், வாக்கியத்தைப் படித்து முடிக்கும் முன்பே கேள்வி வந்து விடும்: "சித்தப்பா, இது கூட்டறதுங்களா, கழிக்கறதுங்களா?" இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். பதில் சொல்லி விட்டால் இரண்டு நிமிடத்தில் வீட்டுப்பாடம் முடிந்து விடும். ஆனால் அந்தக் கணக்கில் பிள்ளை செய்ய வேண்டிய வேலையே அதைக் கண்டுபிடிப்பதுதான். அதை நாம் செய்து விட்டால் மீதி உள்ளது கால்குலேட்டர் வேலை. இப்படியே இரண்டு வருடம் போனால், ஐந்தாம் வகுப்பில் "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளையே முடிவு கட்டி விடும். அதன் பிறகு மாற்றுவது கடினம்.

பிள்ளைகள் ஏன் வாக்கியத்தைப் படிப்பதில்லை? படிக்காமலேயே பெரும்பாலும் விடை சரியாக வந்து விடுகிறது என்பதுதான் காரணம். கூட்டல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்குகள் எல்லாமே கூட்டல் கணக்குகள். இரண்டு எண்களைப் பொறுக்கிக் கூட்டினால் போதும். போதாக்குறைக்கு 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'அதிகம்' வந்தால் கூட்டு என்று ஒரு பட்டியலையும் டியூஷனில் மனப்பாடம் செய்ய வைத்து விடுகிறார்கள். இந்தப் பட்டியலை நான் சுத்தமாக நம்புவதில்லை. கீழே உள்ள இரண்டு கணக்குகளைப் பாருங்கள்.

பழனிசாமி தோப்பில் 85 தேங்காய் பறித்தார்கள். அது சுப்பையன் தோப்பில் பறித்ததை விட 20 அதிகம். சுப்பையன் தோப்பில் பறித்தவை எத்தனை?

ஒரு கூடையில் இருந்த மாங்காய்களில் 18 விற்றது போக மீதி 24 உள்ளன. முதலில் கூடையில் இருந்தவை எத்தனை?

பட்டியலைப் பின்பற்றும் பிள்ளை முதல் கணக்குக்கு 105 என்றும், இரண்டாவதற்கு 6 என்றும் எழுதும். சரியான விடைகள் 65, 42. இதில் சிறு பிள்ளைகள் மட்டும் தடுமாறுவதில்லை. வார்த்தை ஒரு பக்கமும் செய்ய வேண்டிய கணக்கு எதிர்ப் பக்கமும் இழுக்கும் இத்தகைய கணக்குகளில் கல்லூரி மாணவர்களே அதிகம் தவறுகிறார்கள் என்று 1987-ல் லூயிஸ், மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இதை விட வேடிக்கையான சோதனை ஒன்று 1980 வாக்கில் பிரான்சின் கிரனோபிள் நகரில் நடந்தது. "ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களைக் கொண்டே ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொல்லி விட்டார்கள்! ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்களேன். நான் கேட்டபோது எங்கள் வீட்டில் 36 என்று பதில் வந்தது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். முதல் வேலை, எண்களை மறைத்து விடுவது. வேர்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் ரைட்டர் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள ஒரு கணக்கைச் சற்றுப் பெரிய எழுத்தில் டைப் செய்திடுங்கள். தமிழில் டைப் செய்ய, விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிக்கான பிரிவுக்குச் சென்று தமிழைச் சேர்த்துக் கொண்டால் போதும். இப்போது முதல் எண்ணை மவுஸால் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடியே மற்ற எண்களையும் தேர்ந்தெடுங்கள். பின் ஃபான்ட் கலர் பட்டன் அருகே உள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்து வெள்ளை நிறத்தைக் கொடுங்கள். எண்கள் எல்லாம் மாயமாகி விடும். வாக்கியம் மட்டும் நிற்கும்.

எண்ணே இல்லாத கணக்கில் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும். பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் நடந்த பேச்சு இப்படித்தான் இருந்தது.

"தேங்காய் யாருக்குச் சாஸ்தி கண்ணு?"

"பழனிசாமிக்குங்க."

"அப்ப சுப்பையனுக்கு?"

"கம்மிங்க."

அவ்வளவுதான். புத்தகத்தில் உள்ள 'அதிகம்', 'குறைவு' என்பவை வீட்டில் 'சாஸ்தி', 'கம்மி' என்று மாறியதும் கதை புரிந்து விட்டது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். 'ஹவ் மெனி மோர்' என்பதைக் கண்டதும் 'மோர்' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டுக் கூட்டி விடுகிறார்கள். கணக்கை ஆங்கிலத்திலேயே டைப் செய்யுங்கள். ஆனால் கதையை நீங்கள் வீட்டில் பேசும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை கதையைச் சொல்லி முடித்த பின், கண்ட்ரோல் கீயுடன் ஏ எழுத்தை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கறுப்பு நிறம் கொடுத்தால் எண்கள் திரும்ப வந்து விடும்.

அடுத்தது படம். இங்கு சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1980களில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தில் கோ டெக் ஹாங் தலைமையிலான குழு, வாக்கியக் கணக்குகளை நீளமான கட்டங்களாக வரைந்து பார்க்கும் முறையைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது. 1995-ல் நடந்த டிம்ஸ் என்ற சர்வதேசக் கணிதத் தேர்வில் நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு பல நாடுகள் இந்த முறையை எடுத்துக் கொண்டன. கட்டம் போட எக்ஸெல் போல வசதியான இடம் வேறு இல்லை. அதுவே கட்டங்களால் ஆனதுதானே!

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸின் கால்க் புரோகிராமைத் திறந்திடுங்கள். மேலே ஏ, பி, சி என்று உள்ள தலைப்புகளின் மீது மவுஸை இழுத்து இருபது நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒன்றின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்குங்கள். எல்லாமே குறுகி, சதுரங்கப் பலகை போல வந்து விடும். இரண்டாவது வரியில் பத்து செல்களைத் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ் அண்ட் சென்டர்' பட்டனை அழுத்தி ஒன்றாக்குங்கள். அதற்குப் பச்சை நிறம் கொடுத்து 85 என்று டைப் செய்யுங்கள். இது பழனிசாமியின் தேங்காய். அதற்கு நேர் கீழே இடது ஓரத்திலிருந்து ஏழு செல்களை ஒன்றாக்கி மஞ்சள் நிறம் கொடுத்துக் கேள்விக்குறி இடுங்கள். இது சுப்பையனுடையது. அதே வரியில் மீதமுள்ள மூன்று செல்களை ஒன்றாக்கி 20 என்று டைப் செய்யுங்கள். செல்களை ஒன்றாக்காமல் குறுகிய செல்லில் எண்ணை டைப் செய்தால், இடம் போதாமல் ## என்று தோன்றும். பயந்து விட வேண்டாம்.

"எத்தனை செல் எடுக்கணும்?" என்று பிள்ளை கேட்கும். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. எது நீளம், எது குட்டை என்பது மட்டும் சரியாக இருந்தால் போதும். மேலே உள்ள நீளமும் கீழே உள்ள இரண்டு துண்டுகளும் சமம் என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. 85-லிருந்து 20-ஐ எடுத்தால் கேள்விக்குறி மிஞ்சும்.

இனிதான் கம்ப்யூட்டரின் வேலை. காலியான ஒரு செல்லில் சமக்குறி இட்டு, 85 உள்ள செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி இட்டு, 20 உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டினால் 65 கிடைக்கும். 85 என்பதை 850 ஆக மாற்றுங்கள். விடை தானாக 830 என்று மாறும். எண் மாறினாலும் கதை மாறவில்லை என்பது அப்போது பிள்ளைக்குத் தெரியும். எண்ணை மீண்டும் 85 ஆக்கி விட்டு, கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி இடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் எந்த மறுப்பும் சொல்லாமல் 105 என்று காட்டும். அதற்குத் தேங்காயும் தெரியாது, தோப்பும் தெரியாது. குட்டைக் கட்டத்துக்கு நீளக் கட்டத்தை விடப் பெரிய எண் எப்படி வரும் என்று கேட்க வேண்டியது பிள்ளைதான்.

சரவணம்பட்டியில் என் அலுவலகத்திலும் இதே கதைதான். புரோகிராம் எழுத ஆகும் நேரத்தை விட, கஸ்டமர் என்ன கேட்கிறார் என்று புரிந்து கொள்ள ஆகும் நேரம்தான் அதிகம். தப்பாகப் புரிந்து கொண்டு எழுதிய புரோகிராமும் நன்றாகவே ஓடும்.

மாங்காய்க் கணக்குக்கு ஒரே நீளக் கட்டம் போதும். அதை இரண்டாக்கி 18, 24 என்று நிரப்பி, மேல் வரியில் முழு நீளத்துக்கும் கேள்விக்குறி இட்டால் அது கூட்டல் என்று தெரிந்து விடும். கட்டத்தின் உண்மையான பலம் கொஞ்சம் பெரிய கணக்குகளில்தான் தெரியும். "அப்பாவின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. இருவரின் வயதையும் கூட்டினால் 45. மகளின் வயது என்ன?" என்ற கணக்கைப் பார்த்ததும் என்னைப் போன்றவர்களுக்கு 'எக்ஸ் என்று வைத்துக் கொள்வோம்' என்று கை பரபரக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எக்ஸ் தேவையே இல்லை. மகளுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு அதே அளவில் நான்கு கட்டங்கள். மொத்தம் ஐந்து கட்டங்களில் 45. ஒரு கட்டத்தில் 9. அப்பாவுக்கு 36.

கணக்குகளுக்கு எங்கே போவது? தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை பிடிஎப் பைல்களாக இண்டர்நெட்டிலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்திடலாம். வெவ்வேறு பாடங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்குகளை எடுத்து, வரிசையைக் கலைத்து ஒரே பைலில் வைத்துக் கொள்ளுங்கள். கூட்டலுக்குப் பின் கூட்டல் என்று வராமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு மூன்று கணக்குகள் போதும். போட்டோ எடுத்தால் விடை சொல்லும் ஃபோட்டோமேத் போன்ற அப்ளிகேஷன்களும், கேட்டதும் வழிமுறையோடு எழுதித் தரும் சாட்ஜிபிடியும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் விடையைச் சரிபார்த்துக் கொள்ள அவை பயன்படட்டும். பிள்ளையிடம் கொடுத்து விட்டால், கூட்டறதா கழிக்கறதா என்று சித்தப்பாவிடம் கேட்பதற்குப் பதிலாக அவற்றிடம் கேட்கும்.

நம் ஊருக்கு இத்தகைய கணக்குகள் புதிதல்ல. காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலேயே அதன் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளைகளைக் கணக்கிடும் வழி கூட உள்ளது. முள்ளின் எண்ணிக்கையை 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்கச் சொல்கிறார். பொள்ளாச்சித் தேங்காய், திருப்பூர் பனியன், ஈரோட்டு மஞ்சள் என்று நீங்களும் சொந்தமாகக் கணக்குகளை டைப் செய்யுங்கள். ஓரளவு பழகிய பின், பிள்ளையே கணக்கு எழுதி உங்களைப் போடச் சொல்லட்டும்.

வகுத்தலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நாடு தழுவிய தேர்வொன்றில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு பஸ்ஸில் 36 ராணுவ வீரர்கள் செல்லலாம் என்றால் 1128 பேருக்கு எத்தனை பஸ் வேண்டும்? 29 சதவீதம் பேர் '31 மீதி 12' என்று எழுதினார்கள். 32 என்று சரியாக எழுதியவர்கள் 23 சதவீதம் பேர்தான். இதையே சிறிய எண்களில், நம் ஊர்ப் பள்ளி வேனை வைத்து மூன்று விதமாகக் கேட்கலாம். 47 பிள்ளைகள், ஒரு வேனில் 9 பேர். எல்லோரும் செல்ல எத்தனை வேன் வேண்டும்? இடம் காலியில்லாமல் முழுதாக நிரம்பும் வேன்கள் எத்தனை? அவை கிளம்பிய பின் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? எக்ஸெல்லில் வகுத்தால் மூன்று கேள்விக்கும் கிடைப்பது 5.2222 தான். நோட்டில் எழுத வேண்டிய விடைகள் 6, 5, 2.