தங்கச்சி காதலிக்கிறாளா? திட்டாதீங்க, கேளுங்க!

"டாக்டர், தங்கச்சி ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. சோத்தைப் பிசைஞ்சு வெச்சுட்டு எழுந்துடறா. ஏதாவது லேகியம் கொடுங்களேன்!"

காலேஜில் படிக்கும் தங்கையை அழைத்து வந்த அக்காவின் கவலை இது. நாடி பார்த்தேன், நோய் எதுவும் தெரியவில்லை. அக்காவை வெளியே உட்காரச் சொன்னேன். உடனே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "முக்கொம்புல எங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவர் ஒருத்தர் பார்த்துட்டார் டாக்டர். வீட்ல சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு!"

பயம் கூடினால் அட்ரினலின் சுரக்கும். பசி மந்தப்படும், தூக்கம் கலையும். இதற்கு லேகியம் எதற்கு?

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கு, மர நிழலும் பூங்காவும் தேடிக் குடும்பங்களும் வரும், காதலர்களும் வருவார்கள். 2023 அக்டோபரில் அங்கே நடந்தது நினைவிருக்கிறதா? காதலனோடு வந்திருந்த 17 வயதுப் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக நான்கு போலீஸ்காரர்களே கைதானார்கள். புகார் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். 'வீட்டுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க' என்று நடுங்கும் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் ஆயுதம்!

அக்கா, அண்ணன்களே, நீங்கள் செய்ய வேண்டியது:

* கத்தாதீர்கள், செல்போனைப் பிடுங்காதீர்கள். அழுதால் அழவிடுங்கள். அடக்கக் கூடாதவை என்று சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களில் கண்ணீரும் ஒன்று.

* "நீ வேண்டாம்னா அவன் கேட்டுக்கறானா? போட்டோ, பாஸ்வேர்டு கேட்டு நச்சரிக்கிறானா?" என்று பொறுமையாக விசாரியுங்கள்.

* "எங்கே போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போ. ஆள் நடமாட்டம் உள்ள இடமா இருக்கட்டும். சிக்கல்னா உடனே கூப்பிடு, வந்துடறேன்" என்று சொல்லுங்கள்.

* தம்பிக்கும் சட்டத்தைச் சொல்லுங்கள். பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லையென்றால், அவள் சம்மதித்தாலும் 2012 போக்சோ சட்டப்படி உடலுறவு குற்றம்தான்.

* யாராவது மிரட்டினால் 1098, பெண்களுக்கு 181. சோகம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"நானே அக்காகிட்ட சொல்லிடறேன் டாக்டர்" என்றாள் அந்தப் பெண். வெளியே போய் அக்காவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "மருந்து வேண்டாம்மா. இன்னிக்கு ராத்திரி அவ பக்கத்துல படுத்துக்கோ. அவ ஏதோ சொல்லுவா. 'இதை ஏன் முன்னாடியே சொல்லலை'ன்னு மட்டும் கேட்டுடாதே!"