சோப்பில் என்ன கொழுப்பு?

"சோப்புல மாட்டுக்கொழுப்பு கலக்கறாங்களாமே, நெசமாவா?"

இப்படிக் கேட்ட எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி, ஒரு வாரமாகப் பயத்தமாவு தேய்த்துத்தான் குளிக்கிறார். சுத்த சைவம்!

பாட்டியின் சந்தேகம் வெறும் வதந்தி இல்லை. கொழுப்போ எண்ணெயோ இல்லாமல் சோப்பே கிடையாது. அதைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்தால் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறும். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா போதும்.

மாட்டுக்கொழுப்பில் செய்தால் கட்டி கெட்டியாக இருக்கும், சீக்கிரம் கரையாது. அதற்காகவே நம் நாட்டிலும் அதை இறக்குமதி செய்தார்கள். அந்தக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்ட விவகாரம் 1983-ல் வெடித்ததும், அரசு இறக்குமதிக்கே தடை போட்டது. அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது பாமாயில். கெட்டித்தன்மை தரும் பால்மிடிக் அமிலம் அதில் ஏராளம்.

ஆனால் பாமாயில் மட்டும் போட்டால் நுரை வராதே! அதற்குத்தான் தேங்காய் எண்ணெய். அதில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். உப்புத் தண்ணீரில்கூட நுரைக்கும். அதுவே அதிகமானால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்து வழித்து எடுத்துவிடும். குளித்துவிட்டு வந்ததும் கால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அரிக்கிறதா? வயதானவர்களுக்கு இந்தத் தொல்லை ஜாஸ்தி. பொங்கிப் பொங்கி நுரைக்கிற சோப்புதான் நல்ல சோப்பு என்று நினைக்காதீர்கள்.

தோலைப் பொறுத்தவரை மாடா, மரமா என்பது பெரிய விஷயமில்லை. மனசுக்கு அது பெரிய விஷயம்தான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் பாமேட் என்றால் பாமாயில். சோடியம் கோகோயேட் என்றால் தேங்காய் எண்ணெய். சோடியம் டேலோவேட் என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ஆசையாக வாங்கி வரும் சோப்பில் இந்தப் பெயர் இருக்கலாம். ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் இரண்டும் எதிலிருந்தும் எடுக்கப்படலாம். பச்சைப் புள்ளி இருந்தால் கவலை விட்டது.

அப்படியே டி.எஃப்.எம். என்ற எண்ணையும் பாருங்கள். மொத்தக் கொழுப்புச் சத்தின் அளவு அது. முதல் தர குளியல் சோப்பில் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் 40 சதவீதம் இருந்தாலே போதும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டி வீட்டு சோப்பு அட்டையைப் படித்துக் காட்டினேன். பாமாயில், தேங்காய் எண்ணெய், பச்சைப் புள்ளி எல்லாம் இருந்தது. பாட்டி முகம் சுளித்தார்.

"பாமாயிலா? ரேஷன்ல போடறாங்களே, அதுவா? அதையா இத்தனை நாளா மூஞ்சில தேய்ச்சேன்!"