அச்சு ஜிப்சமா, வயல் ஜிப்சமா?

விருத்தாசலத்தில் ஒரு பக்கம் பீங்கான் தொழிற்பேட்டை. அகல் விளக்கும் கொலு பொம்மையும் அங்கே தயாராகின்றன. இன்னொரு பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் அங்கே பிறந்தவை. இரண்டு பக்கமும் ஜிப்சம் என்ற சொல் புழங்குவதால் வரும் வில்லங்கத்தைப் பார்ப்போம்.

"கடலைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைங்க" என்கிறார் வேளாண் அலுவலர். கேட்ட விவசாயி, பொம்மைப் பட்டறையில் வேலை பார்க்கும் மகனிடம் வாங்கி வரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தெரிந்தது அச்சு செய்யும் வெள்ளை மாவுதான்.

"எதுக்குப்பா, கடலையை அச்சுல வார்க்கப் போறியா?"

"இல்லடா, காய் நல்லாப் பிடிக்க."

"காய் பிடிக்குமோ என்னமோ, தண்ணி பட்டா கல்லாப் பிடிச்சுக்கும்!"

மகன் சொல்வது சரிதான். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய், பிளாஸ்டர் ஆப் பாரிஸ் ஆகிவிடும். அதில் தண்ணீர் கலந்தால் இறுகும். வயலுக்கு வேண்டியது வறுக்காத ஜிப்சம். உரக்கடையில் 'விவசாய ஜிப்சம்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த வில்லங்கம் அளவு. பரிந்துரை ஹெக்டேருக்கு 400 கிலோ. காதில் 'ஏக்கருக்கு' என்று விழுந்தால் செலவு இரண்டரை மடங்கு. ஏக்கருக்கு 160 கிலோ போதும்.

மூன்றாவது 'மண் அணை'. வயலைச் சுற்றி அணை கட்டச் சொல்லவில்லை! செடியின் தூரைச் சுற்றி மண்ணைக் கூட்டி அணைப்பதுதான் அது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம்தான். தவறினால் நஷ்டம் நிஜம். கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதியை வேர் வழியாக அல்லாமல், சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுக்கிறது. அது கிடைக்காவிட்டால் மேலே செடி பச்சையாக நிற்கும், உள்ளே காய் பொக்காக இருக்கும். ஜிப்சத்திலுள்ள கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் உதவும்.

இறவைப் பயிரில் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது ஜிப்சத்தைத் தூரோரமாக இட்டு, கொத்தி மண் அணைக்கவும். அதன்பின் மண்ணைக் கிளறக் கூடாது. இறங்கும் விழுதுகள் அறுந்துபோகும்.

எந்தப் பரிந்துரையைக் கேட்டாலும் நான்கைக் கேளுங்கள்: என்ன பொருள், ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனையாம் நாள், போட்ட பின் என்ன செய்ய வேண்டும்? கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அரை நிமிட வேலை. ஒரு போக வெள்ளாமை தப்பும்.