எட்டு பவுண்டுக்கு இரண்டு

இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதிக்குள்ளேயே முதலாளி மூலமாகக் குழந்தைப் பராமரிப்பு வவுச்சர் பெறத் தொடங்கி, இன்றுவரை அதே ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்துவரும் பெற்றோருக்கு, மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பாக்கியமும் அதனோடு ஒட்டிய ஒரு சங்கடமும் உண்டு. அந்தத் தேதியோடு புதியவர்களுக்கு அடைபட்டுப்போன திட்டத்தில் அவர்கள் இடம்பிடித்திருப்பது பாக்கியம். அரசாங்கம் 2017-இல் ஏற்படுத்திய வேறொரு திட்டம் அவர்களையும் அழைக்கிறது, ஆனால் அதை நாடிப் போனவர் மறுபடி பழையதற்குத் திரும்ப இயலாது என்பது சங்கடம்.

வவுச்சர் முறை எளியது. ஊழியர் தம் சம்பளத்தில் மாதம் 243 பவுண்டு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் பெறும் வவுச்சரை நர்சரிக்குச் செலுத்துவார். விட்டுக்கொடுத்த தொகைக்கு வருமான வரியும் கிடையாது, நேஷனல் இன்ஷூரன்ஸ் பிடித்தமும் கிடையாது. அரசாங்கத்தின் ‘டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர்’ திட்டத்திலோ முதலாளிக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் இணையத்தில் ஒரு கணக்கு இருக்கும். பெற்றோர் அதில் 8 பவுண்டு போட்டால் அரசாங்கம் 2 பவுண்டு சேர்க்கும். ஆண்டொன்றுக்குக் குழந்தைக்கு 2,000 பவுண்டும், மாற்றுத்திறனாளிக் குழந்தையாயின் 4,000 பவுண்டும் உச்சவரம்பு.

வவுச்சர் பெற்றோரை எண்ணுகிறது, அரசாங்கத் திட்டம் குழந்தைகளை எண்ணுகிறது என்ற இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுள்ள தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவரும் 20 சதவீத வரி கட்டுபவர்கள், இருவருக்கும் வவுச்சர் உண்டு. பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிளப்புக்கும் விடுமுறைக்கால ஏற்பாட்டுக்குமாக ஆண்டுச் செலவு 3,600 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், அரசாங்கத்திடம் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, 720 பவுண்டு. வவுச்சரிலோ வரி 20, நேஷனல் இன்ஷூரன்ஸ் 8 என 28 சதவீதம், அதாவது 1,008 பவுண்டு மிச்சமாகும். அதே வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து, தாய் வேலைக்குத் திரும்பியதும் நர்சரிக் கட்டணமாக ஆண்டுக்கு 9,000 பவுண்டு எழுந்துநின்றால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது: வவுச்சரால் இருவருக்கும் சேர்த்து எப்படிப் பார்த்தாலும் ஏறக்குறைய 1,633 பவுண்டுக்கு மேல் மிச்சமில்லை, அரசாங்கமோ சின்னதற்கு 1,800, மூத்ததற்கு 720, ஆக 2,520 பவுண்டு தரும்.

இதில் பலர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. வவுச்சரால் ஒருவருக்கு ஆண்டில் 933 பவுண்டு மிச்சம் என்பது, நேஷனல் இன்ஷூரன்ஸ் 12 சதவீதமாக இருந்த காலத்துக் கணக்கு. 2024-இல் அது முதலில் பத்தாகவும் பிறகு எட்டாகவும் குறைந்தபோது, தப்பிக்க வேண்டிய பிடித்தமே சுருங்கிவிட்டதால், வவுச்சரின் லாபமும் சுமார் 816 பவுண்டாக இறங்கிவிட்டது. பிடித்தம் குறைந்ததற்காக யாரும் வருந்தப்போவதில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கை நம்பி இன்றும் வவுச்சரே மேல் என்று இருப்பது, என் அபிப்பிராயத்தில், சோம்பலேயன்றி விவேகமாகாது.

எனினும் லாபம் மட்டும் பார்த்துத் தாவிவிடவும் முடியாது. அரசாங்கத் திட்டத்துக்குப் பொதுவாகத் தாய் தந்தை இருவரும் வேலையில் இருக்க வேண்டும். இருவரில் ஒருவருடைய வருமானம் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். வவுச்சருக்கு இந்த இரு நிபந்தனைகளும் இல்லாததால், மனைவி வீட்டோடிருக்கும் குடும்பத்தில் கணவன் அதை விடாமலிருப்பதே புத்திசாலித்தனம். பிள்ளையின் வயதிலும் பேதமுண்டு: அரசாங்க உதவி, பதினொன்று நிறைந்ததும் வரும் செப்டம்பரோடு நின்றுபோகும், வவுச்சர் பதினைந்து வரை நீளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ‘நாங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறோம்’ என்று இணையத்தில் உறுதிசெய்ய வேண்டிய நிர்ப்பந்தம் வேறு; மறந்தால் அந்த இரண்டு பவுண்டு வராது. சம்பளச் சீட்டில் மாதாமாதம் தானாகவே கழிந்துவிடும் வவுச்சருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஒன்பது மாதக் குழந்தை முதல் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இங்கிலாந்து அரசாங்கம் அளிக்கும் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பை, தகுதியிருந்தால், இவ்விரண்டில் எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தின் கதை வேறு. அதில் பராமரிப்புச் செலவில், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, 85 சதவீதம் வரை திரும்பக் கிடைப்பதாலும், அதையும் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேரையும் ஒருசேரப் பெற முடியாதாகையாலும், அவர்கள் முதலில் அதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் உள்ள நம்மவர் வீடுகளில் பேரப்பிள்ளையை நாள் முழுதும் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவின் கையில், இரண்டு திட்டத்திலிருந்தும் ஒரு பவுண்டு வைக்க வழியில்லை. பணம் போவது முறைப்படி பதிவான பராமரிப்பாளருக்கு மட்டுமே.

மாறுவதென்று தீர்மானித்தவர், அரசாங்கக் கணக்குக்கு விண்ணப்பித்த 90 நாட்களுக்குள் முதலாளிக்குத் தெரிவித்து, புதிய வவுச்சர் வருவதை நிறுத்திவிட வேண்டும்.