தோல் விற்ற பணம் கல்லூரி ஆனது!

பாலாற்றங்கரை வியாபாரிகள் செய்த நல்ல காரியம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்களில் பலர் ஆம்பூர், வாணியம்பாடி என்ற ஊர்களைக் கடந்து போகிறார்கள். இவை தோலுக்குப் பேர்போன ஊர்கள். ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இங்கே ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பதமாகும். பிறகு சென்னை பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறும்.

தோலால் பணம் வந்தது. ஆனால் படிப்பு?

1898ல் வேலூரில் ஊரீஸ் கல்லூரி ஏற்பட்டது. அதை விட்டால் தூரத்து ஊர்களுக்குத்தான் போக வேண்டும். பிள்ளையை வெளியூரில் தங்க வைத்து, சோறு போட்டுப் படிக்க வைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

கல்விச் சங்கம்

வாணியம்பாடி வியாபாரிகள் இதை யோசித்தார்கள். 1901ல் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைத்தார்கள். 1919ல் இஸ்லாமியாக் கல்லூரி பிறந்தது. தோல் வியாபாரத்தில் சேர்ந்த பணம் வகுப்பறையாக மாறியது!

இன்று எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராக வேலை பார்த்தது இந்தக் கல்லூரியில்தான்.

மேல்விஷாரத்து வள்ளல்

மேல்விஷாரத்தில் பிறந்தவர் சி. அப்துல் ஹக்கீம். தோல் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தார். அதைத் தருமத்துக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தார். 1938ல் காலமானார்.

அவ்வூரில் 1918ல் தோன்றிய முஸ்லிம் கல்விச் சங்கம், 1965ல் அவர் பெயரால் ஒரு கல்லூரி திறந்தது. 1998ல் பொறியியல் கல்லூரியும் வந்தது. ஆம்பூரில் 1969ல் மழ்ஹருல் உலூம் கல்லூரி ஏற்பட்டது.

பெண்களும் படிக்கிறார்கள்

ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாய் மிஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். மகள் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கல்லூரி பக்கத்தில் இருந்தால் காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் வீடு திரும்பலாம். தூரம் என்றால் பல வீடுகளில் படிப்பு நின்றே போகிறது.

வாணியம்பாடியில் ஜைன சமூகத்தாரும் 1994ல் மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

இன்னொரு கடன்

தோல் தொழில் கல்வியைக் கொடுத்தது. ஆனால் தண்ணீரைக் கெடுத்தது. கழிவு நீர் பாலாற்றிலும் வயல்களிலும் கலந்தது. கிணற்று நீர் உப்பாயிற்று. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1996ல் தீர்ப்பு வந்தது. ஆற்றைக் கெடுத்தவர்களே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கழிவு நீரைச் சுத்தம் செய்யாத தொழிற்சாலை நடக்கக் கூடாது என்றார்கள்.

கழிவு நீரைச் சுத்தம் செய்ய ரசாயனம் தெரிந்தவர்கள் வேண்டும். இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் படிப்பு இன்று உள்ளூரிலேயே கிடைக்கிறது. தாத்தா தோல் விற்றுக் கல்லூரி கட்டினார். அங்கே படித்த பேரப் பிள்ளைகள் பாலாற்றைக் காப்பாற்றினால், அவர் போட்ட பணத்துக்கு அதைவிட நல்ல வட்டி வேறு இல்லை!